பழைய மதர்போர்டுக்கு எந்த மவுஸ்? சீரியல், பிஎஸ்/2, யூஎஸ்பி: ஓர் ஒப்பீடு

பழைய மதர்போர்டு ஒன்று கையில் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் நினைவகத்தை எண்ணிக் காட்டுகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, ஹார்டு டிஸ்க்கும் சுற்றுகிறது. மவுஸ் மட்டும் இல்லை. இன்றைய மவுஸின் முனையை எங்கே செருகுவது என்று பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பொருந்தும் துளை ஒன்றும் தென்படவில்லை. அப்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்பதுதான். அது சில நேரம் பலிக்கும், பல நேரம் பலிக்காது. பலிக்காதபோது போர்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, நன்றாக இருக்கும் போர்டைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும் விஷயம் அது.

முனை எங்கே பொருந்துகிறது என்பதை வைத்து மவுஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் போர்டுக்கும், அதில் ஓடப்போகும் இயங்குதளத்துக்கும் எந்த மவுஸின் பேச்சு புரியும் என்று முதலில் பாருங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

முதலில் போர்டின் பின்பக்கம்

பவர் வயரைக் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரல் பருமனில் வட்டமாக 5 துளைகள் கொண்ட கீபோர்டு கனெக்டர் மட்டும் மதர்போர்டிலேயே இருக்கிறது, மற்ற போர்ட்டுகள் எல்லாம் கார்டுகளிலிருந்தோ ரிப்பன் கேபிள் வழியாகவோ வெளியே வருகின்றன என்றால் அது ஏடி வகைப் போர்டு. 1984-ல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடியிலிருந்து வந்த அமைப்பு இது; 1990-களின் பிற்பகுதி வரை நீடித்தது. கீபோர்டுக்கும் மவுஸுக்குமாக இரண்டு சிறிய வட்டத் துளைகளும் (இவைதான் பிஎஸ்/2) மற்ற போர்ட்டுகளும் ஒரே தகட்டில் வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் ஏடிஎக்ஸ். இன்டெல் அதை 1995-ல் அறிமுகப்படுத்தியது. மவுஸுக்குப் பச்சை, கீபோர்டுக்கு ஊதா என்ற நிறங்கள் அதற்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்துத்தான் வழக்கத்துக்கு வந்தன. அதனால் முதல் ஏடிஎக்ஸ் போர்டுகளில் இரண்டு துளையும் கறுப்பாகவே இருக்கும். பக்கத்தில் உள்ள சின்னப் படத்தைப் பார்த்துத்தான் எது எது என்று பிரித்தறிய வேண்டும்.

9 பின் கனெக்டரைப் பார்க்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சீரியல் போர்ட். துளைகளாக இருந்தால் அது பழைய சிஜிஏ, இஜிஏ வகை மானிட்டருக்கானது; மவுஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 25 பின்னிலும் இதே கதைதான்: பின் நீட்டியிருந்தால் சீரியல், துளையாக இருந்தால் பிரிண்டர் போர்ட். இரண்டு வரிசையில் 15 துளை இருந்தால் அது ஜாய்ஸ்டிக்குக்கானது.

மதர்போர்டின் மேல்பரப்பிலும் தேடுங்கள். ஏடி போர்டுகள் பலவற்றில் பிஎஸ்/2 மவுஸுக்கும், பென்டியம் செயலி காலத்தவற்றில் யூஎஸ்பிக்கும் பின் வரிசைகள் மட்டும் நின்றுகொண்டிருக்கும். அவற்றை வெளியே கொண்டுவரும் கேபிள் காலப்போக்கில் எங்கோ தொலைந்திருக்கும். போர்டில் வசதியே இல்லை என்று முடிவு செய்யும் முன் இந்தப் பின் வரிசைகளைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

அடாப்டர் எதை மாற்றுகிறது

யூஎஸ்பி முனையை பிஎஸ்/2 முனையாக மாற்றும் சிறிய பச்சை அடாப்டரை எடுத்துக்கொள்வோம். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள்தான் இருக்கும். 5 வோல்ட், பூமி (கிரவுண்ட்), இரண்டு சிக்னல் கம்பிகள், அவ்வளவுதான். யூஎஸ்பியின் இரண்டு சிக்னல் கம்பிகளையும் பிஎஸ்/2-வின் டேட்டா, கிளாக் என்ற இரண்டு கம்பிகளோடு அது நேராக இணைக்கிறது. எந்தச் சிப்பும் இல்லை, எந்த மொழிபெயர்ப்பும் நடப்பதில்லை.

அப்படியானால் அது எப்படி வேலை செய்கிறது? மவுஸுக்கே இரண்டு பேச்சும் தெரிந்திருந்தால் வேலை செய்யும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த மவுஸ்கள் பலவற்றில் இந்த இரட்டைத் திறமை இருந்தது. மின்சாரம் வந்ததும் அவை சிக்னல் கம்பிகளின் நிலையைப் பார்க்கும். பிஎஸ்/2 போர்ட்டில் அந்தக் கம்பிகள் 5 வோல்ட்டை நோக்கி மேலே இழுக்கப்பட்டிருக்கும். யூஎஸ்பி போர்ட்டில் பூமியை நோக்கிக் கீழே இழுக்கப்பட்டிருக்கும். அதை வைத்துத் தான் எங்கே செருகப்பட்டிருக்கிறோம் என்று மவுஸ் புரிந்துகொள்ளும். அடாப்டரோடு சேர்த்து விற்கப்பட்ட மவுஸ்கள் இந்த வகை. இன்று கடைக்கு வரும் மவுஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு யூஎஸ்பி மட்டும்தான் தெரியும். அவற்றை அதே அடாப்டரில் போட்டால் அடியில் சிவப்பு விளக்கு எரியும், அம்புக்குறி அசையாது. விளக்கு எரிவதைப் பார்த்து மவுஸ் போர்டோடு பேசிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கு 5 வோல்ட் கிடைத்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் செய்தி எதுவும் இல்லை.

பிஎஸ்/2 முனையை 9 பின் சீரியலாக மாற்றும் அடாப்டரும் இதே வகைதான். சீரியலும் பிஎஸ்/2-வும் தெரிந்த மவுஸ்கள் 90-களில் நிறைய வந்தன; அவற்றோடு மட்டும் அது வேலை செய்யும்.

வாங்கும்போது அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு திசை மாறிப்போவது. ஒரு பக்கம் யூஎஸ்பி முனையும் மறுபக்கம் இரண்டு பிஎஸ்/2 துளைகளும் உள்ள கேபிளுக்குள் உண்மையிலேயே ஒரு சிப் இருக்கிறது. ஆனால் அது பழைய பிஎஸ்/2 கீபோர்டையும் மவுஸையும் புதிய கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கானது. நமக்கு வேண்டியது நேர் எதிர்த் திசை. யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்குப் போகும் கேபிளும் அப்படியே: யூஎஸ்பி உள்ள கம்ப்யூட்டருக்கு ஒரு சீரியல் போர்ட் தருவது அதன் வேலை, யூஎஸ்பி மவுஸைப் பழைய சீரியல் போர்ட்டில் இயக்க அதால் முடியாது. விற்பனைப் பக்கங்களில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் போட்டிருப்பார்கள் என்பதால், எந்த முனை கம்ப்யூட்டர் பக்கம் போகிறது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சீரியல் மவுஸ்: வேகம் குறைவு, துணை அதிகம்

பென்டியத்துக்கு முந்தைய 386, 486 செயலிகளின் காலப் போர்டு என்றால் என் முதல் தேர்வு சீரியல் மவுஸ்தான். அந்தப் போர்டும் அதன் மென்பொருள்களும் பழகி வளர்ந்தது அதோடுதான். டாஸ், விண்டோஸ் 3.1, விண்டோஸ் 95, லினக்ஸ் என எதுவானாலும் அதைப் புரிந்துகொள்ளும். பிஎஸ்/2 வசதியே இல்லாத 8088 போர்டில்கூட ஒரு சீரியல் கார்டு இருந்தால் போதும்.

சீரியல் போர்ட்டில் 5 வோல்ட் மின்சாரம் தரும் பின் எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் தன் நிலையைச் சொல்வதற்காக வைத்திருக்கும் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற இரண்டு சிக்னல் கம்பிகளில் வரும் சில மில்லிஆம்பியரைத் திரட்டித்தான் மவுஸ் உயிர்வாழ்கிறது. டிரைவர் (மவுஸைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள்) அந்தக் கம்பிகளை இயக்கியதும் மவுஸ் விழித்துக்கொண்டு 'எம்' என்ற ஓர் எழுத்தை அனுப்பும். "நான் மவுஸ், இங்கே இருக்கிறேன்" என்பதற்கான அடையாளம் அது. அப்புறம் ஒவ்வொரு அசைவுக்கும் 3 பைட், வினாடிக்கு 1200 பிட் வேகத்தில். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 9 பிட் ஆகிறது. அந்தக் கணக்கில் வினாடிக்கு 40 சொச்சம் தடவைதான் மவுஸால் தன் இடத்தைச் சொல்ல முடியும். அம்புக்குறி கொஞ்சம் தத்தித் தத்தி நகர்வதற்குக் காரணம் இதுதான். 14 அங்குலத் திரையில் பழைய மென்பொருள்களுக்கு இது போதும். படம் வரைவதற்கோ, வேகமான விளையாட்டுக்கோ போதாது.

மின்சாரம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் சீரியல் மவுஸ்கள் ஏறக்குறைய எல்லாமே அடியில் பந்து உருளும் வகையாக இருக்கின்றன. பந்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு உருளைகளில் வளையம் போல ஒட்டியிருக்கும் அழுக்கைச் சுரண்டி எடுத்தால் பத்துக்கு எட்டு "பழுதான" மவுஸ்கள் சரியாகிவிடும் என்பது என் அனுபவம். மவுஸ் அடியில் எம்எஸ், பிசி என்று இரண்டு நிலை உள்ள சுவிட்ச் இருந்தால் எம்எஸ் பக்கம் வையுங்கள். பிசி நிலை மவுஸ் சிஸ்டம்ஸ் என்ற மூன்று பட்டன் முறைக்கானது. அதில் ஒவ்வோர் அசைவுக்கும் 5 பைட் போகும், டிரைவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமிகா, அடாரி கம்ப்யூட்டர்களின் மவுஸிலும் இதே 9 துளை முனைதான் இருக்கும், சீரியல் போர்ட்டில் அழகாகப் பொருந்தும். ஆனால் அவை சீரியல் மவுஸ் இல்லை. பந்தின் சுழற்சியை நேரடித் துடிப்புகளாக அனுப்புபவை. சீரியல் போர்ட்டின் வோல்ட்டேஜ் 12 வரை மேலும் கீழும் போகும். 5 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட அந்த மவுஸ் அதில் கெட்டுப்போகலாம்.

சீரியலில் என்னை மிகவும் அலைக்கழித்தது மவுஸ் அல்ல, கேபிள். ஒரு 486 போர்டுக்கு மல்டி ஐ/ஓ கார்டு (சீரியல் போன்ற போர்ட்டுகளைத் தரும் கார்டு) போட்டு, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து கிடைத்த ரிப்பன் கேபிளை மாட்டியிருந்தேன். டாஸோடு வரும் எம்எஸ்டி சோதனை நிரல் காம் 1 (முதல் சீரியல் போர்ட்) இருக்கிறது என்று காட்டியது, மவுஸ் மட்டும் தெரியவில்லை. மவுஸை மாற்றினேன், கார்டை மாற்றினேன், இரண்டு மாலைப்பொழுதுகள் போயின. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது: கார்டிலுள்ள 10 பின் வரிசையிலிருந்து 9 பின் கனெக்டருக்குப் போகும் கேபிள்கள் இரண்டு விதமாக வந்திருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒரு விதத்தில் 10 பின் வரிசையின் 1, 2, 3 என்பவை கனெக்டரின் 1, 2, 3-க்கே போகும். மற்றதில் ரிப்பன் கம்பிகள் வரிசையாக நசுக்கி இணைக்கப்பட்டிருப்பதால் 1-க்கு அடுத்த கம்பி கனெக்டரின் 6-க்குப் போய்விடும். உங்கள் கார்டுக்கு எது தேவை என்று கண்டுபிடிக்க எளிய வழி, மின்சாரம் இல்லாத நிலையில் எந்தப் பின் பூமியோடு தொடர்பில் இருக்கிறது என்று பார்ப்பது. 5-ஆவது பின் பூமி என்றால் முதல் வகைக் கேபிள். 9-ஆவது பின் பூமி என்றால் இரண்டாவது வகை. இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்த இரண்டு மாலைகளும் மிஞ்சியிருக்கும்.

மற்றபடி, காம் 1-உம் காம் 3-உம் வழக்கமாக ஒரே இன்டரப்டை (கருவி செயலியின் கவனத்தை அழைக்கும் எண்ணிட்ட வழி), 4-ஐ, பகிர்ந்துகொள்ளும். காம் 2, காம் 4 இரண்டும் 3-ஐ. மவுஸ் காம் 1-ல் இருக்கும்போது மோடத்தைக் காம் 3-ல் வைத்தால், மோடம் பேசத் தொடங்கியதும் மவுஸ் உறைந்துபோகும். மோடத்தைக் காம் 2-க்கு மாற்றினால் தீர்ந்தது. டாஸுக்கு கியூட்மவுஸ் என்ற இலவச டிரைவரை நான் பயன்படுத்துகிறேன். சீரியல், பிஎஸ்/2 இரண்டையும் பார்த்துக்கொள்ளும், நினைவகத்தில் சில கிலோபைட்தான் எடுத்துக்கொள்ளும். 640 கிலோபைட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய டாஸில் அது பெரிய நன்மை. லினக்ஸில் இன்புட்அட்டாச் என்ற சிறு நிரல் சீரியல் மவுஸைக் கர்னலுக்கு அறிமுகப்படுத்திவிடும்.

பிஎஸ்/2: இருந்தால் வேறு எதையும் தேடாதீர்கள்

1987-ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த 6 பின் துளை இது. கம்ப்யூட்டர் வரிசை மறைந்துபோய் அதன் பெயர் மட்டும் இந்தத் துளையில் தங்கிவிட்டது. உங்கள் போர்டில் இது இருந்தால், பழைய விண்டோஸோ டாஸோ ஓடப்போகிறது என்றால், தயங்க வேண்டியதில்லை.

காரணங்கள் தெளிவானவை. 5 வோல்ட் மின்சாரம் நேராகக் கிடைப்பதால் ஒளியில் இயங்கும் மவுஸும் ஓடும். பந்து சுத்தம் செய்யும் வேலை போயிற்று. மவுஸ் விழித்ததும் வினாடிக்கு 100 தடவை தன் இடத்தைச் சொல்லும், டிரைவர் கேட்டால் 200 வரை போகும். சீரியலிலிருந்து இதற்கு மாறியவர் கையிலேயே அந்த வித்தியாசத்தை உணர்வார். சீரியல் போர்ட் இரண்டும் மோடத்துக்கும் வேறு கருவிக்கும் விடுதலையாகும். சக்கரமும் வேலை செய்யும். சக்கரம் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம்: டிரைவர் மவுஸிடம் வேகத்தை 200, 100, 80 என்று அடுத்தடுத்து மாற்றச் சொல்லும். சாதாரண மவுஸ் சொன்னபடி மாற்றிக்கொண்டு பேசாமல் இருக்கும். சக்கரமுள்ள மவுஸ் இந்த வரிசையை ஒரு ரகசியத் தட்டலாக எடுத்துக்கொண்டு, அடுத்த முறை அடையாளம் கேட்டதும் 0-க்குப் பதில் 3 என்று சொல்லும். அதிலிருந்து 3 பைட்டுக்குப் பதிலாக 4 பைட் அனுப்பத் தொடங்கும். பழைய டிரைவர் எதுவும் கெடாமல் புதிய வசதியைச் சேர்த்த விதம் அழகானது.

குறைகள் இரண்டு. முதலாவது, மின்சாரம் ஓடும்போது செருகவோ கழற்றவோ வடிவமைக்கப்பட்டதல்ல இது. பல தடவை ஒன்றும் ஆகாது; ஒரு தடவை ஆனால் போர்டிலுள்ள சின்ன ஃபியூஸ் போகும், கூடவே கீபோர்டும் நிற்கும். அணைத்துவிட்டுச் செருகுவதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இதற்கு இன்டரப்ட் 12 தேவை. பயாஸில் (போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) பிஎஸ்/2 மவுஸ் என்ற வரி அணைக்கப்பட்டிருந்தாலோ, ஏதாவது ஒரு கார்டு 12-ஐப் பிடித்துக்கொண்டிருந்தாலோ மவுஸ் தெரியாது.

ஏடி போர்டில் பின் வரிசையாக மட்டும் பிஎஸ்/2 இருக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். அந்தப் பின்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். போர்டின் கையேடு கிடைத்தால் அதில் உள்ளபடி கேபிள் செய்துகொள்ளலாம். கையேடு இல்லையென்றால் மல்டிமீட்டரால் பூமி எது, 5 வோல்ட் எது என்று உறுதி செய்த பிறகே எதையும் மாட்டுங்கள். மிஞ்சும் பின்களில் டேட்டாவும் கிளாக்கும் இருக்கும். அவற்றை மாற்றிப் போட்டால் மவுஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான். 5 வோல்ட்டையும் பூமியையும் மாற்றிப் போட்டால்தான் ஆபத்து. இந்தச் சிரமத்தை ஏற்கத் தயாராக இருப்பவருக்கு ஏடி போர்டிலேயே கிடைக்கும் நல்ல மவுஸ் வசதி இதுதான்.

பிஎஸ்/2 மவுஸை அடாப்டர் போட்டு 5 பின் கீபோர்டு துளையில் செருகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கீபோர்டுக்கு அந்த அடாப்டர் சரி. ஏடி கீபோர்டும் பிஎஸ்/2 கீபோர்டும் பேசுவது ஒன்றே. மவுஸுக்கு ஆகாது. அந்தத் துளையில் வருவதை எல்லாம் போர்டு விசைத் தட்டல் என்றே எடுத்துக்கொள்ளும். அதே 5 பின் துளை 1981-ன் ஐபிஎம் பிசியிலும் இருக்கிறது. ஆனால் அதன் கீபோர்டு பேச்சு வேறு, ஏடி கீபோர்டு அதில் ஓடாது.

யூஎஸ்பி: இயங்குதளம் சம்மதித்தால்

யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996-ல் வந்தது. அந்த ஆண்டுகளின் பென்டியம் போர்டுகளிலேயே அதற்கான சிப் இருந்தது. பயன்படுத்த இயங்குதளம்தான் தயாராக இல்லை. விண்டோஸ் 95-ன் கடைசிப் பதிப்புகளில் அரைகுறையாக வந்து, 1998-ல் விண்டோஸ் 98-ல் ஒழுங்காக அமைந்தது. விண்டோஸ் என்டி 4-ல் கிடையாது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி, ஓரளவு புதிய லினக்ஸ் என்றால் கவலையே இல்லை, செருகினால் ஓடும்.

போர்டில் வெளிப்படையாக யூஎஸ்பி துளை இருந்து, அதில் விண்டோஸ் 98 அல்லது அதற்குப் பிந்தையது ஓடும் என்றால் கையில் இருக்கும் மவுஸையே பயன்படுத்தலாம். விண்டோஸ் 98 முதல் தடவை தன் சிடியைக் கேட்கும். அந்த நேரத்தில் மவுஸ் இருக்காது என்பதால் டேப், என்டர் விசைகளால் வழிகாட்ட வேண்டியிருக்கும். போர்டில் பின் வரிசை மட்டும் இருந்தால், இன்றைய யூஎஸ்பி கேபிளை அப்படியே செருகிவிடாதீர்கள். அந்தக் கால வரிசைகளில் சிலவற்றில் இரண்டாவது வரிசை தலைகீழாக இருக்கும். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பூமி இருக்கும்.

பிசிஐ ஸ்லாட்டில் (போர்டில் கூடுதல் கார்டு செருகும் இடம்) யூஎஸ்பி கார்டு போடுவது இன்னொரு வழி. நல்ல வழிதான், ஆனால் இரண்டு இடங்களில் இடறும். பழைய ஏடி பவர் சப்ளையில் 3.3 வோல்ட் கிடையாது. அதனால் அந்தக் காலப் போர்டுகள் பலவற்றின் பிசிஐ ஸ்லாட்டிலும் அது வராது. 3.3 வோல்ட்டை ஸ்லாட்டிலிருந்து எதிர்பார்க்கும் கார்டு அங்கே உயிர்பெறாது. அடுத்தது, கார்டிலுள்ள யூஎஸ்பியைப் பழைய பயாஸுக்குத் தெரியாது. இயங்குதளம் ஏறி டிரைவர் வந்த பிறகுதான் மவுஸ் அசையும்.

டாஸில்? பயாஸில் யூஎஸ்பி லெகசி என்ற வசதி இருந்தால், அது யூஎஸ்பி மவுஸைப் பிஎஸ்/2 மவுஸ் போலக் காட்டி டாஸை நம்பவைக்கும். சில போர்டுகளில் இந்த வசதி கீபோர்டுக்கு மட்டும்தான், மவுஸுக்கு இல்லை. டாஸுக்கென்று தனி யூஎஸ்பி டிரைவர்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு மவுஸுக்காக அவ்வளவு நினைவகத்தைக் கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

உண்மையான மாற்றிகள்

பிஎஸ்/2-வும் இல்லை, பழைய சீரியல் மவுஸும் கிடைக்கவில்லை, ஒளி மவுஸ்தான் வேண்டும் என்றால் மைக்ரோகன்ட்ரோலர் உள்ள மாற்றி தேவை. யூஎஸ்பி மவுஸின் பேச்சைக் கேட்டு அதைச் சீரியலாகவோ பிஎஸ்/2-வாகவோ பேசும் சிறு கம்ப்யூட்டர் அது. பழைய கணினிகளை நேசிப்பவர்கள் இவற்றை வடிவமைத்து வெளியிட்டிருக்கிறார்கள். ராஸ்பெர்ரி பை பைகோ போன்ற சிறு போர்டிலேயே செய்துகொள்ளலாம், சீரியல் பக்கத்துக்கு மேக்ஸ்3232 போன்ற ஒரு வோல்ட்டேஜ் மாற்றி சிப் மட்டும் கூடத் தேவை. சாலிடரிங் தெரிந்தவருக்கு ஒரு நாள் வேலை.

மின்சாரத்தை மறந்துவிடாதீர்கள். யூஎஸ்பி மவுஸ் 100 மில்லிஆம்பியர் வரை கேட்கலாம். சீரியல் போர்ட் தருவது 10-ஐத் தாண்டாது. ஆகவே 5 வோல்ட் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். கீபோர்டு துளையிலிருந்து எடுக்கலாம், அல்லது டிஸ்க் டிரைவுக்குப் போகும் 4 கம்பி கனெக்டரின் சிவப்புக் கம்பியிலிருந்து. அதிலேயே இருக்கும் மஞ்சள் கம்பி 12 வோல்ட்; அதைத் தொட்டால் மாற்றியும் மவுஸும் சேர்ந்து போகும்.

மாற்றி போட்டாலும் சீரியல் பக்கத்தின் 1200 பிட் வேகம் மாறாது. ஒளி மவுஸின் துல்லியமும் சுத்தமும் கிடைக்கும், அம்புக்குறியின் தத்தல் அப்படியே இருக்கும். பிஎஸ்/2 பக்கம் போகும் மாற்றி என்றால் அந்தக் குறை இல்லை.

பஸ் மவுஸ் என்ற இன்னொரு வகையும் இருந்தது. பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் தனிக் கார்டு போட்டு அதில் மவுஸை மாட்டுவது. மைக்ரோசாஃப்ட் 1983-ல் மவுஸ் விற்கத் தொடங்கியபோதே இந்த வகை இருந்தது. கார்டும் மவுஸும் ஜோடியாகக் கிடைத்தால் நன்றாக ஓடும். தனித்தனியாகத் தேடாதீர்கள். அதன் வட்ட முனை பிஎஸ்/2 போலத் தெரியும், ஆனால் 9 பின்; பிஎஸ்/2 துளையில் அழுத்தினால் பின்கள் வளைந்துவிடும்.

எந்த வேலைக்கு எது

386 அல்லது 486, டாஸும் விண்டோஸ் 3.1-ம்: சீரியல் பந்து மவுஸ். கார்டின் கேபிள் வகையை மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். அதே போர்டில் தினமும் மணிக்கணக்கில் படம் வரையவோ எழுதவோ போகிறீர்கள் என்றால், பிஎஸ்/2 பின் வரிசை இருக்கிறதா என்று தேடி அதற்குக் கேபிள் செய்வது உழைப்புக்குத் தகுந்த பலன் தரும்.

பென்டியம் கால ஏடி போர்டில் விண்டோஸ் 95 அல்லது 98 என்றால் பிஎஸ்/2 பின் வரிசைக்கே என் வாக்கு, யூஎஸ்பி பின் வரிசை பக்கத்திலேயே இருந்தாலும். விண்டோஸ் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) ஏறும்போதும், டாஸுக்கு இறங்கும்போதும் அது கைவிடாது. ஏடிஎக்ஸ் போர்டுக்கு யோசனையே வேண்டாம், பச்சைத் துளை. அங்கே யூஎஸ்பி மவுஸைத் தேர்ந்தெடுக்க நான் காணும் ஒரே நல்ல காரணம், பச்சைத் துளை பழுதாகிவிட்டது என்பது. விண்டோஸ் எக்ஸ்பியோ லினக்ஸோ மட்டும்தான் ஓடப்போகிறது என்றால் இரண்டில் எதுவானாலும் சரி.

மவுஸ் வந்து சேரும் வரை விண்டோஸ் 95-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் கீபோர்டையே மவுஸாக்கலாம். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் விசைகள் அம்புக்குறியை நகர்த்தும், 5 கிளிக் செய்யும். விண்டோஸ் 95-ல் அணுகல் வசதிகள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். நான் மேலே சொன்ன 486-ல் விண்டோஸ் 95-ஐ ஏற்றி, காம் 1 கேபிளைச் சரி செய்து முடிக்கும் வரை இப்படித்தான் ஓட்டினேன். இப்போது அதில் மூன்று பட்டன் பந்து மவுஸ், சுவிட்ச் எம்எஸ் பக்கம், மோடம் காம் 2-ல். மாதத்துக்கு ஒரு தடவை பந்தைக் கழற்றித் துடைக்கிறேன்.